ஜீப் வந்த நாட்களின் தண்ணீர்

மகனே,

நீ கேட்ட கடிதம் இது அல்ல. நீ கேட்டது ஒரு பக்கம், அதில் ஒரே ஒரு வாக்கியம்: "பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த ஓடையில் நான் எடுத்த தண்ணீர் மாதிரிகள் அனைத்தும் முறைப்படி எடுக்கப்பட்டவை என்று உறுதிப்படுத்துகிறேன்." அந்த வாக்கியத்தையும் நீயே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாய். கீழே என் பெயர், பெயருக்கு மேலே ஒரு புள்ளிக்கோடு. அரச சேவையில் இருந்த காலமெல்லாம் புள்ளிக்கோட்டைக் கண்டதும் தானாகவே பேனாவைத் தேடிய கை என்னுடையது. இந்தமுறையும் தேடியது. தாளை மட்டும் மாற்றிக்கொண்டது. ஒரு தாய் மகனுக்கு எழுதுவதைப் பேப்பரில் போட்டு ஊர் ஏன் படிக்க வேண்டும் என்று நீ கேட்கலாம். உறையில் போட்டு அனுப்பினால் நீ படிப்பாய், அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்ற முடிவுக்கு வருவாய், மடித்து வைப்பாய். நானும் எழுதிவிட்டேன் என்ற நிம்மதியில் தூங்கிவிடுவேன். நம் இருவருக்கும் வசதியாக இருக்கிற எந்த ஏற்பாட்டையும் நான் இப்போதெல்லாம் சந்தேகிக்கிறேன். வெளிப்படையாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த சிலவற்றை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். தெமோதரைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லையில், ஒரு பால் ஆலை இருக்கிறது. பெயர் வேண்டாம், பெயர் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மாடு வளர்ப்பவர்கள் காலையில் கேன்களில் பால் கொண்டுபோய் ஊற்றுவார்கள். ஆலை அதை வெண்ணெயாகவும் சீஸாகவும் யோகட்டாகவும் மாற்றிக் கொழும்புக்கு அனுப்பும். மிஞ்சுவது தொட்டிகளைக் கழுவிய தண்ணீர். அது ஆலையின் பின்பக்கத்துக் குழாய் வழியாக ஓடைக்குப் போகும். ஓடை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் கீழ் டிவிஷன் லயங்களை உரசிக்கொண்டு போய் ஆற்றில் சேரும். ஆலை மேலாளர் ஒருமுறை என்னிடம் மிக மரியாதையாகக் கேட்டார்: "பால்தானே மிஸ்? நாங்க என்ன வெசத்தையா ஊத்துறோம்?" கேள்வி நியாயமாகத்தான் பட்டது. தண்ணீரில் பால் கலந்தால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்குப் பெரிய விருந்து. அவை தின்று பெருகி, தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவை எல்லாம் எடுத்துக்கொள்ளும். மீன்கள் வாயைத் திறந்தபடி மேலே வந்து செத்துப்போகும். கற்களில் சாம்பல் நிறத்தில் சளிபோல ஒன்று படரும். பிறகு நாற்றம். குழந்தைக்குக் கொடுக்கும் அதே பால்தான், ஓடைக்கு ஒத்துக்கொள்வதில்லை.

இதற்கு மருந்து இருக்கிறது. கழிவுநீரை ஒரு பெரிய தொட்டியில் தேக்கி, மோட்டர் வைத்து அடியிலிருந்து காற்று ஊத வேண்டும். கிருமிகள் ஓடைக்குள் செய்யும் வேலையைத் தொட்டிக்குள்ளேயே செய்து முடித்துவிடும். ஆலையிலும் அப்படி ஒரு தொட்டி உண்டு. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியிருக்கிறார்கள், வாழை மரம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் மோட்டருக்கு மின்சாரம் வேண்டும், அதுவும் இரவு பகலாக. நீ பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்த பொருளாதாரத்தை அந்த மோட்டர் தினமும் நடத்திக் காட்டிக்கொண்டிருக்கிறது. மோட்டர் ஓடினால் செலவு ஆலைக்கு. நின்றால் செலவு ஓடைக்கு. ஓடை பில் அனுப்புவதில்லை.

நீ இரண்டு மாதங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்தபோது, இந்தக் கணக்கைத் திருத்துவதுதான் உன் புதிய வேலை என்று சொன்னாய். சமையலறையில் நின்று, நான் தேங்காய் துருவத் துருவ, கையை ஆட்டி ஆட்டி விளக்கினாய். "அம்மா, எவ்வளவு அழுக்கு விடுறாங்களோ அவ்வளவுக்குக் காசு கட்டணும். அப்ப அவங்களுக்கே மோட்டரை ஓட்டுறதுதான் லாபம்னு தெரியும். நாம யாரையும் மெரட்ட வேணாம், திட்ட வேணாம்." உண்மையாகவே எனக்குப் பெருமையாக இருந்தது. அழுக்குக்கு விலை வைக்காதவரை அதை அடுத்தவர் வாசலில் கொட்டத்தான் செய்வார்கள் என்பதை நான் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். அதனால் பெருமையோடு ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "அளக்குறது யாரு?"

"ஆலையே அளந்து அனுப்பும்மா. நாங்க இடைக்கிட போய்ச் சரிபார்ப்போம்."

"எப்படிப் போவீங்க?"

"அது பிரச்சின இல்லம்மா. அவங்களே வாகனம் அனுப்புவாங்க."

தேங்காய்த் துருவலோடு என் விரலும் கொஞ்சம் துருவப்பட்டது. நீ பிளாஸ்டர் தேடி ஓடினாய். அம்மாவுக்குக் கண் மங்குகிறது என்றுதான் நினைத்திருப்பாய்.

இப்போது அந்த வாகனத்தைப் பற்றிச் சொல்கிறேன். பதுளையில் எங்கள் அரச அலுவலகத்தில், அந்தக் கந்தோரில், தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலை எனக்கு வந்தபோது உனக்குப் பதினான்கு வயது. கந்தோருக்கு என்று ஒரு வாகனம் இருந்தது. அது கராஜில் இருந்தது. நான் ஓய்வு பெறும் நாளிலும் அது கராஜில்தான் இருந்தது. ஆனால் ஆண்டறிக்கையில் வருடம் தவறாமல் எங்கள் சொத்துகளில் ஒன்றாக இடம்பெற்றது. எங்கள் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், கை சுத்தமானவர், ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர். முதல் வாரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை, எங்கட வாகனம் எப்ப வருமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆலைக்காரர் தங்கட ஜீப்பை அனுப்புறம் எண்டு சொல்லுகினம். வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு நடந்தே போறது? அரசாங்கத்துக்கும் மிச்சம்தானே." அதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. மாதம் ஒருமுறை, போவதற்கு முதல் நாள், நான் ஆலைக்குத் தொலைபேசி எடுப்பேன்: "நாளைக்கு ஜீப் அனுப்ப முடியுமா?" மறுநாள் சரியான நேரத்துக்கு ஜீப் வாசலில் நிற்கும். சோதிக்கப்படுகிறவரிடம் சோதனை நாளைச் சொல்லி, அவர் வண்டியிலேயே ஏறிப் போய், அவர் வீட்டுத் தண்ணீரை அள்ளி, அவர் வண்டியிலேயே திரும்பி வருவது. எழுத்தில் பார்க்கும்போது சிரிப்பாக இருக்கிறது. செய்யும்போது அதற்குப் பெயர் ஒத்துழைப்பு.

ஜீப்பின் டிரைவர் செல்வராஜ். நல்ல மனிதர், வாய் ஓயாது. அவர் எதையும் மறைத்தது கிடையாது. "மிஸ், நேத்துக் காலையிலருந்து மோட்டர் ஓடுது. நீங்க வாறீங்கன்னா எங்க ஓடையே தலக்கிக் குளிச்சிட்டு நிக்கும்" என்பார். நான் சிரிப்பேன். தோட்டத்து ஆட்கள் எதற்கும் ஒரு கிண்டல் சொல்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நமுனுகுலப் பக்கத்து லயமொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்தக் கிண்டலுக்குள் எப்போதும் செய்திதான் இருக்கும் என்பது மற்ற யாரையும்விட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கந்தோர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அந்தப் பாஷை மறந்துபோயிருந்தது. திரும்பும்போது வண்டியின் பின்சீட்டில் ஒரு சிறு பெட்டி இருக்கும், யோகட் கப்புகள். இலஞ்சம் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னப் பெட்டி. மாதத்தில் ஒருநாள் நம் வீட்டில் யோகட் இருந்ததே, நினைவிருக்கிறதா? நீ பள்ளிக்கூடத்தால் வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவாய். உன் அப்பா மட்டும் தொடமாட்டார். பால் சாமான் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பார். அவர் பிளேன்டீயை விட்டுப் பால் தேத்தண்ணி குடித்ததை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். ஏன் யோகட் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்ற பயமாக இருக்கலாம்.

எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: கரையோர மக்களின் நீர்ப் பயன்பாடு. நான் போன ஒவ்வொரு நாளும் லயத்துக்குக் கீழே, ஓடையின் கற்களில், பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை மூட்டையாகத் துணி. கொழுந்து பறிக்கப் போயிருந்தவர்களின் துணிகளையும் சேர்த்து வீட்டில் இருந்தவர்கள் துவைத்தார்கள். புதர்களின் மேலெல்லாம் சேலைகளும் பள்ளிக்கூடச் சட்டைகளும் காய்ந்துகொண்டிருக்கும். பார்க்க அழகாக இருக்கும். நான் அந்தக் கட்டத்தில் "துணி துவைத்தல், தொடர்ச்சியாக" என்று எழுதினேன். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதற்கு மனிதர்களே சாட்சி என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். தலைவர் அதைப் படித்துவிட்டு, "நல்ல அவதானிப்பு, பிள்ளை" என்றார். அன்று வீட்டுக்கு வந்து உன்னிடமும் சொன்னேன். தண்ணீரைச் சோதிக்கப் போத்தல் மட்டும் போதாது, மக்களையும் பார்க்க வேண்டும் என்று உனக்கு அறிவுரை வழங்கினேன். நீ யோகட் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாய்.

ஐந்தாவது வருடம் ஒருநாள் ஜீப் பாதி வழியில் நின்றுவிட்டது. செல்வராஜ் இயந்திரத்தோடு சண்டை போட, நான் இறங்கி ஓடைக்கரைக்கு நடந்தேன். அங்கே பாக்கியம் அக்கா. கொழுந்து வேலையை விட்டுவிட்டு இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு வாழ்கிறவர். அந்தப் பாலும் அதே ஆலைக்குத்தான் போகிறது. கல்லில் ஒரு போர்வையை அடித்துக்கொண்டிருந்தார். பேச்சுக்காகக் கேட்டேன்: "தெனமும் இங்கதான் தொவைக்கிறீங்களாக்கா?"

"தெனமுமா?" போர்வை அந்தரத்தில் நின்றது. "யாரு மிஸ் சொன்னா? ஜீப்பு கீழ எறங்குற சத்தம் கேட்டாத்தான் நாங்க மூட்டையவே கட்டுவோம். ஒங்களக் கூட்டிட்டு வரப் போகுதுன்னு அர்த்தம். மத்த நாள்ல இதுல முக்குனா துணி ஊசிப்போன மோரு மாதிரி நாறும். போட்டுக்கிட்டு பஸ்ல ஏறுனா பக்கத்துல ஒருத்தரும் ஒக்கார மாட்டாங்க."

அடுத்த கல்லில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மாசத்துக்கு ஒருக்கா வாறத வாரத்துக்கு ஒருக்கா வாங்களேன் மிஸ். புண்ணியமாப் போகும். மெத்த உறையும் கெடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐந்து வருடமாக நான் ஓடையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். லயத்துப் பெண்கள் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஆய்வுதான் சரியாக இருந்தது. என் வருகை அவர்களுக்குச் சலவை நாள். அவர்களுடைய சலவை எனக்குச் சான்று. ஒருவரை ஒருவர் பார்த்து, ஆலைக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

நான் அதன்பிறகு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஒன்று செய்தேன். அடுத்த வாரமே, யாருக்கும் சொல்லாமல், பஸ்ஸில் போனேன். ஓடை வெள்ளையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு துணிகூட இல்லை. ஒரு போத்தலில் அள்ளி, குளிர் தாங்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பதுளைக்குத் திரும்பினேன். ஐஸ் போட்டும் மூடியின் ஓரத்தால் வாடை வந்தது. என் பக்கத்து சீட் கடைசிவரை காலியாகவே இருந்தது. பாக்கியம் அக்கா சொன்னது சரி. கந்தோரில் படிவத்தை நிரப்பினேன். மாதிரி கொண்டுவரப்பட்ட வாகனத்தின் இலக்கம் என்று ஒரு கட்டம். பஸ்ஸின் இலக்கத்தை எழுதினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "இது அங்கீகரிக்கப்பட்ட வாகனம் இல்லை, பிள்ளை. ஆர் பக்கத்தில இருந்தது, ஆர் தொட்டது எண்டு ஆருக்குத் தெரியும்? நாளைக்கு வழக்கெண்டு வந்தா நிக்காது." ஆலையின் ஜீப் அங்கீகரிக்கப்பட்டதா என்று கேட்டேன். "அதுக்குக் கடிதம் இருக்கு" என்றார். உண்மையாகவே இருந்தது, கோப்பில் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, கோபமே இல்லாமல் சொன்னார்: "நான் ஒண்டு கேக்கிறன். நாளைக்கு அவங்கள் மூடிப்போட்டுப் போனா, உங்கட சனத்தின்ர பாலை ஆர் வாங்கிறது? நீங்களோ, நானோ?"

மகனே, அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். அவர் சொன்னது உண்மை. ஆலை மேலாளரும் பால் ஊற்ற வருகிறவர்களிடம் அதையேதான் சொல்லிவைத்திருந்தார்: மோட்டரைத் தினமும் ஓட்டச் சொன்னால், அந்தச் செலவு பாலின் விலையில்தான் குறையும். தொட்டியில் போட வேண்டிய காசை மிச்சம் பிடித்து, அழுக்கை ஓடைக்கு அனுப்பிவிட்டு, ஓடையைப் பற்றிப் பேசினால் மாட்டுக்காரர்களின் மடியிலிருந்து எடுத்துக்கொள்வேன் என்கிற ஏற்பாடு. இதற்கு உன் பாடப் புத்தகங்களில் ஏதாவது பெயர் இருக்கும். எனக்கு அந்த உண்மை மிகவும் வசதியாக இருந்தது. அது நீ உயர்தரப் பரீட்சை எழுத வேண்டிய வருடம். தலைவரின் மேசையில் ஒரு இடமாற்றப் பட்டியல் கிடந்தது. யாரும் அதை எனக்குக் காட்டி மிரட்டவில்லை. அது சும்மா கிடந்தது, அவ்வளவுதான். போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் பத்து நாள் இருந்தது. பழசாகிப்போன தண்ணீரைச் சோதிப்பதில் பயனில்லை என்று விதி சொல்கிறது. ஆகவே விதிப்படி நான் அதைக் கழுவுதொட்டியில் ஊற்றினேன். யாரும் சொல்லி ஊற்றவில்லை. அந்தத் தண்ணீரும் கடைசியில் ஆற்றுக்குத்தான் போயிருக்கும்.

அடுத்த மாதம் மறுபடி தொலைபேசி எடுத்தேன், ஜீப் வந்தது. "துணி துவைத்தல், தொடர்ச்சியாக" என்று எழுதினேன். மனச்சாட்சிக்காக ஒரு வரி சேர்த்தேன்: "மேல் லயத்துக்கு அருகே பீலி ஒன்று இருப்பதால் மக்களுக்கு மாற்று நீர்மூலம் உண்டு." மலையிலிருந்து மூங்கில் வழியாக விழும் நல்ல ஊற்றுத் தண்ணீர் அது. குடிக்கவாவது அவர்களுக்கு அது இருக்கிறது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். குடத்தோடு அந்த ஏற்றத்தை ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள் என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. ஏழு வருடம் அந்த வரியை மாதாமாதம் பார்த்து எழுதினேன்.

உன் திட்ட வரைவை அனுப்பியிருந்தாயே, அதை முழுவதும் படித்தேன். நல்ல நடை. அட்டவணைகள் நேர்த்தி. நடுவில் ஒரு பக்கத்தில், என் கையெழுத்தை இன்னொருவர் கையில் பார்த்ததுபோல, அந்த வரி இருந்தது: "மக்களுக்கு மாற்று நீர்மூலம் உண்டு." பழைய கோப்பிலிருந்து எடுத்திருக்கிறாய். அதற்குக் கீழே, ஓடையைச் சலவைக்குத் தொடர்ச்சியாகப் பயன்படுத்துவதால் நீரின் தரம் திருப்தி என்று ஒரு முடிவு. அதற்கும் கீழே, கடந்த பன்னிரண்டு ஆண்டுச் சோதனைகளின்படி இந்த ஆலை நன்னடத்தை வகுப்பில் சேர்கிறது என்றும், ஆகவே மிகக் குறைந்த கட்டணமும் வருடத்துக்கு ஒரே ஒரு சோதனையும் போதும் என்றும். அதை நிறைவு செய்ய ஒரு புள்ளிக்கோடு. நீ பொய் எழுதவில்லை. உன் அம்மா எழுதியதை நம்பினாய், அவ்வளவுதான். உனக்கு நான் சொல்ல வேண்டிய முதல் அறிவுரை அதனால் கொஞ்சம் சங்கடமானது: கோப்பில் இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பாதே, எழுதியவர் உனக்குச் சோறு போட்டவராக இருந்தால் இரண்டு மடங்கு சந்தேகி.

போன வாரம் நான் பாக்கியம் அக்காவைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில்தான். அவருக்கு வயதாகிவிட்டது, மாடுகள் இன்னும் இரண்டுதான். போன மழையில் மலை சரிந்து பீலியை மூடிவிட்டது. மாற்று நீர்மூலம் இப்போது மண்ணுக்குக் கீழே இருக்கிறது. கோப்பில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது லயத்தில் எல்லாவற்றுக்கும் ஓடைத் தண்ணீர்தான். காய்ச்சிக் குடிக்கிறார்களாம். காய்ச்சும்போது வீடெல்லாம் வீச்சம் என்பதால் கதவைத் திறந்து வைத்துக் காய்ச்சுகிறார்களாம். நான் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப், தொலைபேசி, பஸ்ஸில் கொண்டுபோன போத்தல், கழுவுதொட்டி. அவர் மாட்டுக்குப் புல் போடுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரிட்டயர் ஆன பொறகுதான் எல்லாருக்கும் தண்ணி நாறுது, என்ன மிஸ்?" என்றார்.

உன் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஆலைக்கு நல்ல பேர் வந்திருக்கிறது, இனி வருடத்துக்கு ஒருமுறை சோதித்தால் போதும் என்று முடிவாகப் போகிறது என்றேன்.

"அப்ப வருசத்துக்கு ஒருக்காத்தான் துணி தொவைக்கணுமா?" என்று கேட்டார். உன் வரைவுக்கு இதைவிடச் சுருக்கமான மதிப்புரை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் பேப்பரில் எழுதப் போகிறேன் என்றபோதுதான் புல் போட்ட அவர் கை நின்றது. மாட்டின் கழுத்தைத் தடவினார். "எழுதுங்க. நாங்களும் எத்தன நாளைக்கு மூக்கப் பொத்திக்கிட்டுப் பாலு ஊத்துறது? ஆனா ஒண்ணு. பால் வெலயக் கொறச்சானுங்கன்னா, இந்த ரெண்டையும் ஒங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து கட்டிருவேன். நீங்களும் ஒங்க மகனுந்தான் பால் கறக்கணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தோட்டத்துக் கிண்டலுக்குள் செய்தி இருக்கும் என்பதை நான் மறுபடி கற்றுக்கொண்டிருக்கிறேன். எனவே உன் திட்டத்தில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கு. அழுக்கின் விலையை ஆலை செலுத்த வேண்டும் என்று எழுதினால் போதாது. அதைப் பாலின் விலையிலிருந்து பிடித்துக்கொள்ளாமல் இருக்க என்ன வழி என்பதையும் எழுது. ஆலையிடமிருந்து அறவாகி வரும் கட்டணத்தில் முதல் வேலை அந்தப் பீலியைத் தோண்டி எடுப்பதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நாம் செய்வது, ஓடையிடம் இருந்த பில்லைப் பாக்கியம் அக்காவின் பெயருக்கு மாற்றி எழுதுவதுதான்.

இன்னொன்று, இதை எனக்குச் சொல்லித்தந்தவர் செல்வராஜ். வேலையை விட்டு, இப்போது அப்புத்தளையில் சொந்தமாக முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். "தண்ணியப் பாக்காதீங்க மிஸ், மோட்டரோட மீட்டரப் பாருங்க" என்றார். தண்ணீரை ஒரே நாளில் குளிப்பாட்டி நிறுத்திவிடலாம். மோட்டருக்கென்று தனியாக ஒரு மின்மானி பூட்டி வைத்தால், அதை ஒரே நாளில் ஒரு மாதத்துக்கு ஓடவைக்க யாராலும் முடியாது. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. பன்னிரண்டு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தேன், ஒருநாளாவது கேட்டிருக்கலாம். உன் வரைவில் நீ பட்டியலிட்ட நான்கு வெளிநாட்டு அளவீட்டு முறைகளையும் எடுத்துவிட்டு இந்த ஒன்றைப் போடு. செல்வராஜின் பெயரை அடிக்குறிப்பில் போடுவதை மறக்காதே.

மாதிரிகள் முறைப்படி எடுக்கப்படவில்லை என்று என் பழைய கந்தோருக்கும் உன் அலுவலகத்துக்கும் தனித்தனியாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். விசாரணை வரலாம். என் ஓய்வூதியத்தைப் பற்றியும் யாராவது ஒரு கோப்புத் திறக்கலாம். திறக்கட்டும், கோப்புகள் நகரும் வேகம் எனக்குத் தெரியும். உனக்குத்தான் கஷ்டம். முதல் வேலை, முதல் திட்டம், அதில் குறுக்கே நிற்பது சொந்த அம்மா. உன் மேலதிகாரிகள் உன்னைக் கூப்பிட்டு அம்மாவோடு பேசிப் பார்க்கச் சொல்வார்கள். யாராவது உன்னிடம் குரலைத் தாழ்த்தி, கோபமே இல்லாமல், ஓர் உண்மையைச் சொல்வார்கள். அப்போது கவனமாக இரு. என்னை விழுத்தியது அப்படியான ஓர் உண்மைதான்.

உன் திட்டம் பற்றிய அடுத்த மாதக் கூட்டத்துக்கு நீ வரும்போது உன்னை ஏற்றிப்போக ஆலையின் ஜீப் பதுளை ஸ்டேஷனுக்கு வரும் என்று எழுதியிருந்தாய். வரட்டும், அது பாட்டுக்குக் காத்திருக்கட்டும். நீ அதற்கு முன்பே ஒருநாள் தெமோதரையில் இறங்கு. ஸ்டேஷனில் நான் நிற்பேன், இரண்டு போத்தல்களோடும் ஒரு ரெஜிபோம் பெட்டியோடும். ஓடைக்கு நடந்தே போகலாம். அங்கீகரிக்கப்பட்ட வாகனம் என்ற கட்டத்தில் "கால்" என்று எழுதிக்கொள்ளலாம்; அதற்கு யாரிடம் கடிதம் வாங்க வேண்டும் என்று அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

எந்த நாள் என்று இங்கே எழுதமாட்டேன். இந்தக் கடிதத்தை உறையில் போடாமல் அச்சுக்குக் கொடுத்ததன் மற்றக் காரணம் அதுதான். ஆலை மேலாளர் பேப்பர் படிக்கிறவர். இதைப் படித்ததும், நாம் நாளைக்கு வருகிறோமா, அடுத்த வாரமா என்று அவருக்குத் தெரியாது. தெரியாதவரை மோட்டரை நிறுத்த அவருக்குத் துணிவு வராது. பன்னிரண்டு வருடத் தொலைபேசி அழைப்புகளில் நான் செய்யாத வேலையை, நாம் இன்னும் போகாமலே செய்துகொண்டிருக்கிறோம். ஆகவே ரயிலுக்கு அவசரப்பட்டு ஓடிவராதே. உடுப்பை நிதானமாக மடித்து வை, லீவுக்கு ஆறுதலாக எழுதிக்கொடு. நீ தாமதிக்கும் ஒவ்வொரு நாளும், ஜீப் சத்தம் கேட்காமலே, பாக்கியம் அக்கா துணி துவைக்கலாம்.

அம்மா